தில்லியில் ஊர்ச் சமையல்: எதற்கு எது கை கொடுக்கும்?

#1 தாமிரபரணிக்காரி | மயூர் விகார் | 2 நவம்பர், இரவு 9.10

குளிர் ஆரம்பிச்சாச்சு. இட்லி மாவு பொங்காத மாசங்கள் வருது. நல்ல கீரை, காய், புது வெல்லம் எல்லாம் இந்த ஊர்ல இறங்குற மாசங்களும் இதுதான். ஊர்ச் சாப்பாட்டுக்கு வேண்டிய சாமான் கிடைக்காதப்போ தில்லியில எதை வச்சுச் சமாளிக்கிறீங்க, எங்க வாங்குறீங்க, எது சரிப்பட்டு வரலை? எல்லாத்தையும் இந்த இழையில எழுதுங்க. புதுசா வர்ற பிள்ளைகளுக்கு உதவும்.

என் எண்ணத்தை முதல்லயே சொல்லிடுறேன். நம்ம ஆட்கள் பெரும்பாலும் 'மதராஸி கடை'யை மட்டும் தேடுறாங்க. ஐஎன்ஏ மார்க்கெட், கரோல் பாக், அதை விட்டா போக்கிடம் இல்லைன்னு நினைக்கிறாங்க. ஆனா நம்ம செடியையும் நம்ம தானியத்தையும் வேற பேர்ல ஆக்கிச் சாப்பிடுறவங்க இந்த ஊர் முழுக்க இருக்காங்க.

வங்காளிகள் நிறைய இருக்கிற சித்தரஞ்சன் பார்க் (சி.ஆர். பார்க்) 1ஆம் நம்பர், 2ஆம் நம்பர் மார்க்கெட்டுக்குப் போங்க. வாழைப்பூ கிடைக்கும், 'மோச்சா'ன்னு கேளுங்க. வாழைத்தண்டு 'தோர்'. கொடிப்பசலை 'புய் சாக்'. மாங்காய் இஞ்சியை 'ஆம் ஆதா'ன்னு குவிச்சு வச்சிருப்பாங்க. ஊறுகாய்க்கு நான் அதைத்தான் வாங்குறேன். நம்ம புழுங்கலரிசி மாதிரியே வங்காளிகளும் புழுங்கலரிசிச் சோறு தின்கிறவங்கதான். 'சித்த சால்'னு கேட்டா குண்டு ரகம் எடுத்துத் தருவாங்க. பழைய சோத்துக்கு அதை விட்டா இங்க வேற அரிசி சரியா வராது. பாசுமதியில தண்ணி ஊத்தி வச்சுப் பாத்தவங்களுக்கு நான் சொல்றது புரியும்.

எங்க பக்கம் வினோத் நகர்ல கட்வாலிக்காரங்க நிறைய. அவங்க கடையில 'மண்டுவா' மாவுன்னு விக்கிறது கேழ்வரகு. 'கஹத்'னு விக்கிறது கொள்ளு. 'ஜங்கோரா' நம்ம குதிரைவாலி. நவராத்திரி விரதத்துக்குன்னு எல்லாக் கடையிலயும் பாக்கெட் போட்டு வைக்கிற 'சாமா கே சாவல்' கூட பெரும்பாலும் குதிரைவாலிதான், நம்ம சாமைன்னு ஏமாந்துடாதீங்க.

இப்ப எனக்கு வேண்டியது மூணு விஷயம். உளுந்தங்களிக்கும் சுக்குக் காப்பிக்கும் கருப்பட்டிக்குப் பதிலா எதைப் போடலாம்? சின்ன வெங்காயத்துக்கு என்ன வழி? நல்லெண்ணெய் தீர்ந்து போனா என்ன செய்யறீங்க?

#2 கரோல்பாக் காவேரி | 2 நவம்பர், இரவு 10.25

நல்ல காரியம் பண்ணினே அம்மா.

நான் 1974ல கல்யாணமாகி தில்லிக்கு வந்தவள். ராமகிருஷ்ணபுரத்தில் சர்க்கார் குவார்ட்டர்ஸ். அங்கே மலை மந்திர் முருகன் கோவில் கும்பாபிஷேகம் அதுக்கு முந்தின வருஷம்தான் ஆகியிருந்தது. அந்தக் காலத்தில் ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு டின் நல்லெண்ணெயும் அப்பளக் கட்டும் வடாமும் கூடவே வரும். 1976ல தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் விட்ட பிறகு இன்னும் சுலபமாச்சு. வந்த சாமானை அந்த பிளாக்கில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் டம்ளர் கணக்கில் பங்கு போட்டுக்கொள்வோம்.

இட்லி மாவுக்கு வருகிறேன். பாசுமதி சேலாவில் அரைக்காதீர்கள், இட்லி வெடித்துப்போகும். மளிகைக் கடையில் 'பர்மல் சேலா' என்று கேளுங்கள். பஞ்சாபில் விளையும் குட்டை ரகத்தைப் புழுக்கினது. அதில் நாலுக்கு ஒன்று உளுந்து. டிசம்பர், ஜனவரியில் நான் மூணுக்கு ஒன்று போடுவேன், கூட ஒரு பிடி கெட்டி அவல், ஒரு ஸ்பூன் வெந்தயம். உளுந்தை நன்றாகப் பொங்கப் பொங்க ஆட்ட வேண்டும், அதில் சோம்பல் கூடாது. கடைசியில் இரண்டு மாவையும் கையால் கரைக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துப் பாத்திரத்தை ரஜாயில், அதாவது பஞ்சுப் போர்வையில் சுற்றி, காலி ஆட்டா டின்னுக்குள் இறக்கி மூடி வைத்தால் காலையில் எழும்பி இருக்கும். அந்த ரஜாயை அதற்கென்றே தனியாக வைத்திருக்கிறேன்.

வத்தக்குழம்புக்கு ஒரு ரகசியம். சுண்டைக்காய் வத்தல் தீர்ந்தால் ராஜஸ்தான்காரர்களின் 'கேர்' வாங்குங்கள். பழைய தில்லியின் காரி பாவ்லிச் சந்தையில் உலர்ந்த கேர் மூட்டையாகக் கிடக்கும். பாலைவனத்துப் புதரில் காய்க்கிற சின்னக் காய். அவர்களும் கசப்பெடுக்க அதை உப்பு மோரில்தான் ஊறப் போடுகிறார்கள், நாம் சுண்டைக்காய்க்குச் செய்கிறபடியே. இரண்டு நாள் புளிச்ச மோரில் ஊறவிட்டு, அலசி, வெயிலில் காயவைத்து, எண்ணெயில் பொரித்துக் குழம்பில் போடுங்கள். புளிப்பும் லேசான கசப்புமாக இருக்கும். எங்காத்தில் வருஷக்கணக்காக இதுதான்.

மணத்தக்காளியை யாரும் தேடி அலைய வேண்டாம். இங்கே 'மகோய்' என்பார்கள். ஒரு தொட்டியில் நாலு பழத்தை நசுக்கிப் போட்டால் போதும், செடி மாடியெல்லாம் பரவும். பூங்காவிலே பறிக்காதீர்கள், மருந்து அடித்திருப்பார்கள்; அதைப் போலவே இருக்கிற வேறு செடிகளும் உண்டு.

#3 கொங்குத் தம்பி | முனிர்கா | 3 நவம்பர், காலை 7.50

மாமி, ஆட்டா டின் யோசனைக்கு ரொம்ப நன்றிங்க. இன்னைக்கு ராத்திரியே செஞ்சு பாக்கறேன்.

நான் படிக்க வந்தவன், ரூம்ல ஒரு குக்கர், ஒரு மிக்ஸி, அவ்வளவுதான். ஆனா எங்கூரு சாப்பாட்டுக்கு டெல்லி ரொம்பத் தோதான ஊருங்க. அரிசிம்பருப்புக்கு வேண்டியது எல்லாம் எந்தக் கடையிலயும் இருக்குது. கஹத்துல கொள்ளு ரசம் வச்சேன், எங்க அம்மா வைக்கறதுக்கும் இதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியலைங்க. குளுருக்கு அதைவிட என்ன வேணும்? ஒண்ணே ஒண்ணு, மலைக்கொள்ளு வேக நேரமாகுது. ராத்திரியே ஊறப் போட்டுருங்க.

மண்டுவா மாவுல களி கிளறுறவங்க ஒண்ணு கவனிக்கோணும். ரொட்டி தட்டறதுக்காக அரைச்ச மாவு அது, நெறுநெறுன்னு இருக்கும். ரெண்டு தடவை சலிச்சுட்டு, ஒரு கை அரிசிக் குருணையைக் குழைய வேகவச்சு அதுல மாவைப் போட்டுக் கிளறுனா கட்டி தட்டாது.

சின்ன வெங்காயம்தான் எனக்கும் பிரச்சினை. யாராச்சும் சொல்லுங்க.

#4 உப்பும் புளியும் | ஜனக்புரி | 3 நவம்பர், பிற்பகல் 1.15

சின்ன வெங்காயத்துக்கு: இங்குள்ள ஓட்டல்களில் தந்தூரி ரொட்டியோடு வினிகரில் ஊறப்போட்ட குட்டிச் சிவப்பு வெங்காயம் தருவார்கள் அல்லவா, அதைப் பச்சையாகவே சப்ஜி மண்டியில் வாங்கலாம். அது நம் சாம்பார் வெங்காய ரகமில்லை. காரம் தூக்கல், இனிப்பு குறைவு. எனவே முழுசாகப் போட்டு, சின்னத் தீயில் பொன்னிறம் தாண்டிச் சிவக்கும்வரை வதக்கி, கடைசியில் ஒரு சிட்டிகை வெல்லம் சேர்த்தால் வத்தக்குழம்புக்கும் புளிக்குழம்புக்கும் பொருந்தும். பச்சையாக அரைக்கிற சட்னிக்கு மட்டும் வேண்டாம். அதற்கு ஐஎன்ஏ போய் உண்மையான சின்ன வெங்காயமே வாங்கிவிடுங்கள், இரண்டு வாரம் தாங்கும்.

யாரும் தொடாத ஒரு விஷயம் தண்ணீர். பொருளை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு சாம்பார் ஊர் மாதிரி வரவில்லை என்று வருந்துகிறவர்கள் தண்ணீரை யோசிப்பதில்லை. தில்லியில் போர்வெல் தண்ணீர் வரும் பகுதிகளில் கடினத்தன்மை அதிகம். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் பருப்பின் செல் சுவரில் இருக்கும் பெக்டினோடு ஒட்டிக்கொள்ளும். பருப்பு எத்தனை விசில் வைத்தாலும் நறுக்கென்றே நிற்கும், சாம்பாரில் கரையாமல் அடியில் தங்கும். பருப்பு வேகவைக்க மட்டுமாவது வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீரை எடுங்கள். புளியையும் தக்காளியையும் பருப்பு முழுக்க மசிந்த பிறகு சேருங்கள், புளிப்பும் அதே வேலையைச் செய்யும். டிகாக்ஷனுக்கும் இந்தத் தண்ணீரே நல்லது.

மாவு பற்றி மாமி சொன்னது அத்தனையும் சரி. மாவைப் பொங்கவைக்கும் நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்வது 28 முதல் 32 டிகிரிக்குள். ஜனவரி இரவில் வெளியே 6, 7 டிகிரி இருக்கும்போது சமையலறையும் குளிர்ந்துதான் கிடக்கும். ஓவன் வைத்திருப்பவர்கள் உள்ளே விளக்கை மட்டும் போட்டு மாவை வைத்து மூடலாம். உப்பு புளிப்பைத் தாமதப்படுத்தும், ஆகவே குளிர்காலத்தில் உப்பைக் காலையில் போடுங்கள். மே, ஜூனில் நேர்மாறு: ஐஸ் தண்ணீரில் அரைத்து, அரைத்தவுடனே உப்பைப் போடுங்கள். இல்லாவிட்டால் அரைப் பகலிலேயே புளித்து வழிந்துவிடும்.

#5 செட்டிநாட்டுக் கைமணம் | சாகேத் | 3 நவம்பர், இரவு 8.40

ஹுமாயூன்பூர் பக்கம் இருக்கிற வடகிழக்குக்காரர் கடைகளை ஏன் யாரும் சொல்லவில்லை?

மணிப்பூர் கறுப்பரிசி, 'சாக் ஹாவ்' என்று விற்பார்கள். 2020ல் புவிசார் குறியீடு கிடைத்த அரிசி. எங்கள் வீட்டில் கவுனி அரிசி அதில்தான். இரவே ஊறப்போட்டு, ஊறின தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவிட்டு, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் நெய்யும் சேர்த்தால் அந்தக் கருஞ்சிவப்பும் ஒட்டும் பதமும் அப்படியே வரும். கவுனியைவிட இதில் வாசனை கூடுதல், அதனால் ஏலக்காய் போட வேண்டாம். கவுனியே பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போனவர்கள் கொண்டுவந்தது என்றுதான் எங்கள் பக்கம் சொல்வார்கள். மணிப்பூர் பர்மா எல்லையில் இருக்கிற மாநிலம். தில்லியில் உட்கார்ந்துகொண்டு காரைக்குடிப் பலகாரத்தை மணிப்பூர் அரிசியில் செய்யும்போது, அது ஒன்றும் அந்நியமான பொருளாக எனக்குப் படவில்லை.

கல்பாசி தேடுகிறவர்கள் காரி பாவ்லியில் 'பத்தர் கே பூல்' கேளுங்கள். நம் ஊரைவிடத் தரமாகவும் மலிவாகவும் கிடைக்கிறது. மராட்டி மொக்கு மட்டும் சரியான சரக்கு அமையவில்லை என்றால் விட்டுவிடுங்கள். கிராம்பைக் கூட்டிப் போட்டு ஈடுகட்டாதீர்கள், குழம்பு பல்பொடி வாசனை அடிக்கும். ஒரு மசாலா இல்லாத குழம்பு நன்றாகவே இருக்கும். தப்பான மசாலா ஒன்று விழுந்தால் மொத்தமும் போச்சு.

#6 குருகிராமத்தான் | 3 நவம்பர், இரவு 11.05

எல்லாரும் ரொம்ப அக்கறையா எழுதுறீங்க, மதிக்கிறேன். ஆனா ஒரு கேள்வி. இட்லி அரிசி, நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், முருங்கைக்கீரை எல்லாமே இப்ப போன்ல தட்டினா 15 நிமிஷத்துல வாசலுக்கு வருது. வேலைக்குப் போற ரெண்டு பேர் இருக்கிற வீட்டுல கேர் வாங்கி மோர்ல ஊறப் போட்டுக் காய வைக்க நேரம் எங்க? மாற்றுப் பொருள்ங்கிறது பொருள் கிடைக்காத காலத்துப் பழக்கம். இப்ப கிடைக்குதே. அசலையே வாங்கிச் சமைக்கலாமே.

#7 நரேலாவிலிருந்து | 4 நவம்பர், காலை 6.30

//இப்ப கிடைக்குதே// ன்னு சொன்ன அண்ணனுக்கு.

எங்க வீட்டு வாசலுக்கு வர்றதில்லைங்க அண்ணா. வந்தாலும் அந்த விலைக்கு எங்களால வாங்க முடியாது.

நாங்க ஜங்புரா மதராஸி கேம்ப்ல இருந்தவங்க. பாரபுல்லா நாலா, அந்தச் சாக்கடைக் கால்வாய் ஓரம். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, சேலம் பக்கத்துல இருந்து வந்த சனங்க. அம்மா நிஜாமுதீன்ல வீட்டு வேலை செஞ்சாங்க. 2025 ஜூன் 1ஆம் தேதி எல்லா வீட்டையும் இடிச்சாங்க. ஏறக்குறைய பாதிக் குடும்பத்துக்குத்தான் நரேலாவுல வீடு கிடைச்சுது, அதுல நாங்களும் ஒண்ணு. பழைய இடத்துல இருந்து 40 கிலோமீட்டருக்கு மேல. கேம்ப்ல புழுங்கலரிசி கிடைக்கும், கருவாடு கிடைக்கும், காலையில இட்லி சுட்டு விக்கிற அம்மா இருப்பாங்க, முருங்கைக்கீரை யார் வீட்டு மரத்துலயாவது இருக்கும். டெல்லிக்குள்ளயே இருந்தாலும் எங்களுக்கு ஊரை விட்டு வந்த மாதிரி ஆனது இப்பத்தான்.

ஆனா இந்த இழையைத் தொடங்கின அக்கா சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. நரேலாவுல பெரிய தானிய மண்டி இருக்கு. இப்ப நெல்லு வண்டி வண்டியா வருது. அங்க உடைஞ்ச அரிசி வாங்கி நொய்க்கஞ்சி வைக்கிறோம். அரியானாக் கம்பு நல்லா சுத்தமா கிடைக்குது. அம்மா கம்பை லேசா தண்ணி தெளிச்சு இடிச்சு, புடைச்சு, கூழ் காய்ச்சுறாங்க.

பக்கத்துக் கிராமத்து ஜாட் வீட்டு அம்மா ஒருத்தங்க அதைப் பாத்துட்டு, எங்க வீட்டுலயும் வெயில் காலத்துல இதைத்தான் குடிப்போம்னு சொன்னாங்க. கம்பு மாவை மோர்ல கரைச்சு வெயில்ல வச்சு லேசா புளிக்க விட்டு, அப்புறமா காய்ச்சுறாங்க. 'ராப்ரி'ன்னு பேரு. இனிப்பு ரப்டி இல்லை, இது வேற. நாங்க காய்ச்சி ஆறினப்புறம் மோர் ஊத்துவோம், அவங்க முதல்லயே மோரைச் சேக்கறாங்க. தொட்டுக்க எங்களுக்கு மோர் மிளகாயும் வெங்காயமும், அவங்களுக்கும் வெங்காயம்தான். எங்க அம்மாவுக்கு இந்தி சரியா வராது. அந்த அம்மாவோட அன்னைக்கு ஒரு மணி நேரம் பேசிக்கிட்டு இருந்தாங்க.

கருவாடுதான் இல்லை. யாராச்சும் வழி இருந்தா சொல்லுங்க.

#8 கொங்குத் தம்பி | 4 நவம்பர், காலை 8.05

அக்கா, முனிர்காவுலயும் ஹுமாயூன்பூர்லயும் வடகிழக்குக் கடைகள்ல காஞ்ச மீனு இருக்குதுங்க. ரெண்டு தினுசு. சும்மா வெயில்ல காய வச்சது ஒண்ணு, அதுல பெரும்பாலும் உப்பு இருக்காது, குழம்புல உப்புக் கூட்டிப் போடோணும். இன்னொண்ணு 'ஙாரி'ன்னு புளிக்க வச்சது. அது நம்ம கருவாடு இல்லீங்க, வாசமே வேற, தெரியாம வாங்கிறாதீங்க. சி.ஆர். பார்க்குல 'சுட்கி'ன்னு கேட்டாலும் கிடைக்கும். நரேலாவுக்கு மெட்ரோ மஞ்ச லைன்ல சமய்பூர் பாத்லி வரைக்கும் நான் வந்துருவேன், அங்கிருந்து பஸ்தான? ஞாயித்துக்கிழமை வேணும்னா வாங்கிட்டு வந்து தர்றேன். தனிச் செய்தி அனுப்புங்க.

#9 குருகிராமத்தான் | 4 நவம்பர், காலை 9.20

நரேலாவிலிருந்து எழுதின தங்கைக்கு: நான் அந்தப் பக்கத்தை யோசிக்கலைம்மா. நீங்க எழுதினது நல்லது. என் வீட்டுல வர்ற பொங்கலுக்கு ஊரிலிருந்து சாமான் வருது, அதுல உங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன்.

ஆனாலும் வசதி இருக்கிறவங்க அசலை வாங்கணும்ங்கிற என் கருத்து அப்படியேதான் இருக்கு.

#10 ராமகிருஷ்ணபுரத்துப் பிள்ளை | 4 நவம்பர், மாலை 6.45

'அசல்' என்ற சொல்லோடு எனக்கு உடன்பாடில்லை.

நான் இங்கேயே பிறந்தவன். படித்தது தில்லி தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியில். என் அம்மா வைத்த வத்தக்குழம்பு கேர் போட்டது. கீரை மசியல் என்றால் குளிர்காலத்தில் பத்துவா, கோடையில் சௌலாய். பொங்கலுக்குக் கட்டுகிற கரும்பு பச்சையும் மஞ்சளுமான கரும்பு. சர்க்கரைப் பொங்கலுக்கு முசாபர்நகர்ப் பக்கத்து வெல்லம், அது கருப்பாக இருக்காது, பொன்னாக இருக்கும். நவராத்திரிச் சுண்டலுக்கு இங்குள்ள கறுப்புக் கொண்டைக்கடலை. இதெல்லாம் சேர்ந்துதான் என் நாக்கு. பெரியவனான பிறகு கும்பகோணத்தில் சொந்தக்காரர் வீட்டில் சுண்டைக்காய்க் குழம்பு சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு அது புதுச் சுவை.

நாலைந்து தலைமுறையாக இங்கே தமிழர்கள் இருக்கிறார்கள். தலைநகரம் கல்கத்தாவிலிருந்து மாறிய பிறகு சர்க்கார் உத்தியோகத்தில் வந்த குடும்பங்கள் தொடங்கி, மாமி காலம், என் காலம், இப்போது முனிர்காவில் அறை எடுத்திருக்கும் தம்பி காலம்வரை. இவ்வளவு காலம் சமைத்த பிறகும் அதை மாற்றுச் சமையல் என்று ஏன் சொல்ல வேண்டும்? செட்டிநாட்டுச் சமையல், கொங்குச் சமையல் என்று இருப்பதுபோல இது தில்லித் தமிழர் சமையல். என் பெண் எழுதி வைத்திருக்கிற சமையல் நோட்டில் வத்தக்குழம்புக்கு நேரே 'கேர்' என்றே இருக்கிறது, அடைப்புக்குறிக்குள் சுண்டைக்காய் என்று எழுதவில்லை.

#11 கரோல்பாக் காவேரி | 4 நவம்பர், இரவு 9.00

இதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது அப்பா. நானும் அந்த ராமகிருஷ்ணபுரத்தில் முப்பது வருஷம் இருந்தவள்தான். உன் அம்மாவை எனக்குத் தெரிந்திருக்கலாம்.

ஆனால் ஒன்று சொல்வேன். சுண்டைக்காய் என்ன ருசி என்று உன் பெண்ணுக்கும் தெரிந்திருக்கட்டும். அடைப்புக்குறிக்குள்ளாவது எழுதி வை.

#12 தாமிரபரணிக்காரி | 4 நவம்பர், இரவு 10.15

ராமகிருஷ்ணபுரத்துப் பிள்ளை அண்ணாச்சி சொல்றதை ஒத்துக்கிடுதேன். எனக்கு ஊர் நாக்கு இன்னும் போகலை, அதான் வித்தியாசம். சோறு ஆக்கும்போதெல்லாம் எங்க ஆச்சி அடுப்படி எனக்கு ஞாபகம் வருது. அந்த ஞாபகத்துக்கு உளுந்தங்களி கருப்பட்டியிலதான் இருக்கணும்.

குருகிராமத்து அண்ணாச்சிக்கு ஒண்ணு. அசல் வாங்க முடிஞ்சவங்க வாங்கட்டும், அதுல தப்பே இல்லை. ஆனா 15 நிமிஷத்துல வர்ற வாழைப்பூ ரெண்டு நாள் குளிர்பெட்டியில கிடந்து கறுத்து வருது. சி.ஆர். பார்க்குல அன்னைக்கு வெட்டினது கிடைக்குது, ஏன்னா தினமும் அதை வாங்கிச் சமைக்க அங்க நூறு வீடு இருக்கு. வாங்குற சனம் இருக்கிற சந்தையிலதான் காய் புதுசா இருக்கும். என் கணக்கு இதுதான்: கெடாத சாமான் ஊர்ல இருந்து வரட்டும், கெட்டுப்போற சாமானை இந்த ஊர்ச் சந்தையில தேடணும். புளி, வத்தல், கருப்பட்டி, நல்லெண்ணெய் இதெல்லாம் ஊர்ல இருந்து. கீரை, பூ, தண்டு, மீன் இதெல்லாம் இங்க.

நல்லெண்ணெய்க்கு இன்னும் யாரும் பதில் சொல்லலை.

#13 உப்பும் புளியும் | 5 நவம்பர், பிற்பகல் 12.40

நல்லெண்ணெய் கொஞ்சம் சிக்கல். நம் செக்கில் எள்ளோடு கருப்பட்டி அல்லது வெல்லம் சேர்த்து ஆட்டுவார்கள். எண்ணெய் பிண்ணாக்கிலிருந்து நன்றாகப் பிரிய அது உதவுகிறது. அந்த மணமும் மெல்லிய இனிப்பும் அதனால் வருவதே. இங்கே 'தில் கா தேல்' என்று பூஜைக் கடையில் விற்பது விளக்குக்கு. அதைச் சமையலில் ஊற்றாதீர்கள். சீன, கொரியக் கடைகளில் கிடைப்பது வறுத்த எள்ளின் எண்ணெய், இரண்டு சொட்டுக்கு மேல் போனால் சாப்பாட்டையே விழுங்கிவிடும்.

இட்லிப் பொடிக்கு நெய் ஊற்றிக்கொள்ளலாம். ஊறுகாய்க்கும் மீன் குழம்புக்கும் நான் செய்வது: கடுகெண்ணெயைப் புகை வரும்வரை காய்ச்சி, ஆறவிட்டு, சரிபாதி கடலெண்ணெயோடு கலப்பது. காய்ச்சினால் அந்தக் காட்டம் போய்விடும். குழம்பின் மேல் எண்ணெய் மிதந்து நிற்க இது போதும்.

#14 கரோல்பாக் காவேரி | 5 நவம்பர், பிற்பகல் 3.30

ஊறுகாய்க்கு ஒத்துக்கொள்கிறேன். மீன் எனக்குத் தெரியாது. ஆனால் புளிக்காய்ச்சலில் கடுகெண்ணெயை நான் ஒப்பவே மாட்டேன். எவ்வளவு காய்ச்சினாலும் மறுநாள் அந்த வாசனை மேலே வரும். புளிக்காய்ச்சல் வாரக்கணக்கில் வைத்துச் சாப்பிடுவது. நல்லெண்ணெய் இல்லாவிட்டால் வெறும் கடலெண்ணெயில் செய்து, வறுத்த எள்ளை வெந்தயத்தோடு பொடித்துக் கடைசியில் தூவுங்கள். எள் வாசனை எண்ணெயிலிருந்துதான் வர வேண்டும் என்று இல்லையே.

#15 உப்பும் புளியும் | 5 நவம்பர், மாலை 5.10

மாமி, எள்ளுப்பொடி யோசனை என் கலவையைவிட நல்லது. இனி அப்படியே செய்கிறேன்.

மீன் பேச்சு வந்ததால்: கடல் மீன் வேண்டுமென்றால் ஐஎன்ஏ. அக்கம்பக்கத்தில் கிடைப்பது ரோகு, கட்லா. ஆற்று மீனில் சேற்று வாசம் வருகிறது என்று ஒதுக்குகிறவர்கள் அதிகம். அந்த வாசத்துக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருள் புளிப்பில் சிதைந்துவிடும். எனவே புளிக்குழம்பு ஆற்று மீனுக்குப் பொருத்தமான குழம்புதான். வெட்டிய துண்டுகளை அரை மணி நேரம் கெட்டிப் புளிக்கரைசலில் மஞ்சளோடு ஊறவிட்டு, அந்தக் கரைசலைக் கொட்டிவிட்டு, புதுப் புளியில் குழம்பு வையுங்கள். முள் பயம் உள்ளவர்கள் சிங்காடா கேளுங்கள், நடு முள் மட்டும் இருக்கும்.

தாமிரபரணிக்காரி வீட்டுச் சாளைக் குழம்புக்கு இது ஈடாகாது. சாளையில் இருக்கிற கொழுப்பு ரோகுவில் கிடையாது, அதனால் தேங்காய் கொஞ்சம் கூட அரைக்க வேண்டியிருக்கும்.

#16 செட்டிநாட்டுக் கைமணம் | 5 நவம்பர், இரவு 8.20

கருப்பட்டிக்குப் பதில்: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சி.ஆர். பார்க்கில் 'நொலேன் குர்' வரும். ஈச்சம் பதநீரைக் காய்ச்சிய வெல்லம். கட்டியாக இருப்பதை, 'பாட்டாலி' என்பார்கள், அதையே வாங்குங்கள். புகை மணம் நம் கருப்பட்டியை ஒட்டி இருக்கும். பனங்கருப்பட்டியில் நாக்கில் நிற்கிற ஒரு கரிப்பு உண்டே, அது இதில் இல்லை. இனிப்பு தூக்கல். சுக்குக் காப்பிக்கு அளவைக் குறைத்து, சுக்கும் மிளகும் கொஞ்சம் கூட்டி, ஒரு கல் உப்புப் போட்டால் அருகில் வந்துவிடும்.

உளுந்தங்களிக்கு எனக்குத் தெரியாது, எங்கள் பக்கம் அது குறைவு.

#17 தாமிரபரணிக்காரி | 5 நவம்பர், இரவு 9.35

ரொம்ப நன்றி. சுக்குக் காப்பிக்கு அதையே பிடிச்சுக்கிடுதேன்.

உளுந்தங்களிக்கு உடன்குடிக் கருப்பட்டியை ஊர்ல இருந்தே வரவழைக்கப் போறேன். வீட்டுல பிள்ளை பெரியவளாகுற வயசு. எங்க பக்கம் அந்தச் சமயத்துல கறுப்பு உளுந்தைத் தோலோட வறுத்துத் திரிச்சு, கருப்பட்டிப் பாகுல களி கிண்டி, குழி பறிச்சு நல்லெண்ணெய் ஊத்திக் கொடுப்போம். அதுல எதையும் மாத்த எனக்கு மனசு வரலை. மழைக்காலத்துல கருப்பட்டி கசிஞ்சு போகும்னு பயப்படுறவங்க காகிதத்துல சுத்தி, அரிசிப் பானைக்குள்ள புதைச்சு வைங்க.

கறுப்பு உளுந்துக்கு மட்டும் இந்த ஊரை அடிச்சுக்க முடியாது. தால் மக்கானி ஊரு, தோலோட முழு உளுந்து எந்தக் கடையிலயும் புதுசா இருக்கும்.

#18 நரேலாவிலிருந்து | 6 நவம்பர், காலை 6.40

தம்பிக்கு: செய்தி அனுப்பிட்டேன். ஞாயித்துக்கிழமை அம்மா கூழ் காய்ச்சுவாங்க, சாப்பிட்டுத்தான் போகணும். மாமிக்கு ஒரு கேள்வி. மண்டியில 'கல்கல்'னு பெரிய எலுமிச்சை மாதிரி வந்திருக்கு. அதுல நார்த்தங்காய் போடலாமா? அம்மா கேக்கறாங்க.

#19 கரோல்பாக் காவேரி | 6 நவம்பர், காலை 10.15

தாராளமாகப் போடலாம் அம்மா. மலையடிவாரத்துப் பழம், தை மாசம் வரைக்கும் வரும். தோல் தடிமனாக, அழுத்தினால் கெட்டியாக, இன்னும் முழுக்க மஞ்சளாகாததாகப் பார்த்து வாங்கச் சொல்லு. துடைத்து ஈரம் இல்லாமல், சுருள் சுருளாக அறுந்துவிடாதபடி நறுக்கி, உள்ளே கல்லுப்பை அடைத்து ஜாடியில் போட வேண்டியது. தினம் ஒருதரம் குலுக்கிவிடணும்.

ஒன்றுதான் கவனிக்கணும். ஊரில் மாதிரி மூன்றாம் நாளே வெயிலில் எடுத்து வைக்காதே. டிசம்பர், ஜனவரியில் இங்கே பனிமூட்டம், வெயில் ஏறாது, பூஞ்சை பூத்துவிடும். அதுபாட்டுக்கு உப்புத் தண்ணீரிலேயே ஊறட்டும். ஹோலிக்கு முன்னால், வெயில் சுள்ளென்று ஆரம்பித்ததும் எடுத்துக் காய வை. பகலில் வெயிலில், ராத்திரி மறுபடி அந்த உப்பு நீரிலேயே போடு. நீர் வற்றும்வரை அப்படிச் செய். நரேலாவில் மாடி இருக்கிறதா? இருந்தால் புழுதி விழாமல் மேலே ஒரு மல்லுத் துணியைக் கட்டிவிடச் சொல் அம்மாவை.